குடிக்காத மனுசனுக்கு ஃபெட்டி லிவர் எப்பிடி வந்தது? வெள்ளவத்தை வாசகிக்குப் பதில்

கேள்வி: டொக்டர், நாங்கள் வெள்ளவத்தையில இருக்கிறம். என்ட மனுசனுக்கு 44 வயசு, செட்டியார் தெருவில ஒரு நகைக்கடையில கணக்குப் பாக்கிறார். குடி, சிகரெட் எதுவும் இல்லை. உயரம் 5 அடி 6 அங்குலம், நிறை 68 கிலோ, பாக்க மெலிஞ்ச ஆள்தான், வயிறு மட்டும் கொஞ்சம் இருக்கு, இடுப்பு 37 அங்குலம். போன மாசம் செக்கப் செய்யேக்க ஸ்கேன்ல ஃபெட்டி லிவர், அதாவது ஈரலில கொழுப்பு, கிரேட் 2 எண்டு வந்திட்டுது. அண்டையில இருந்து ஆள் சரியா நித்திரை கொள்ளுறேல்ல, கொலஸ்ட்ரோல் குளிசை ஈரலுக்குக் கூடாது எண்டு தானே அதையும் நிப்பாட்டிட்டார். மாமி என்னைத் தனியக் கூப்பிட்டு, அவன் ஒளிச்சுக் குடிக்கிறானோ எண்டு கேக்கிறா. சொந்தக்காரர் ஒராள் ஒன்லைன்ல ஈரல் கிளீன் பண்ணுற பவுடர் எடுத்துத் தந்திருக்கிறார், டப்பாவில கொறக்கா, மஞ்சள், மிளகு, கிரீன் டீ சாறு எண்டு போட்டிருக்கு. குடுக்கலாமா? புது ஊசி, புதுக் குளிசை வந்திருக்கு எண்டு சொல்லுகினம், உண்மையா? சோறை முழுசா விடோணுமா? 14 வயசு மகளும் கொஞ்சம் உடம்பான பிள்ளை, அவளுக்கும் வருமா? இவர் கடையில ஒரு நாளைக்கு ஆறு டீயாவது குடிப்பார், சீனி போட்டு. ரத்த ரிப்போர்ட்டில ஏஎஸ்டி 38, ஏஎல்டி 64, பிளேட்லெட் 240,000, வெறும் வயித்தில சீனி 112.

பதில்:

அன்பான தங்கச்சி, முதல் வேலையா அந்தப் பவுடர் டப்பாவை எடுத்து ஒரு பக்கம் வையுங்கோ, அவருக்கு ஒரு கரண்டி கூட குடுக்க வேண்டாம். தந்த ஆள் நல்ல மனசோடதான் தந்திருப்பார், ஆனா அந்த டப்பாவில எழுதியிருக்கிற சாமான் எல்லாம் சேரேக்க எனக்குப் பயமாத்தான் இருக்கு. நீங்கள் மீன் குழம்புக்குப் போடுற கொறக்காவில ஒரு பிழையும் இல்லை, கறிக்குப் போடுற மஞ்சளிலயும் இல்லை. அதையே சாறா இறக்கி, செறிவாக்கி, கப்சூலாவும் பவுடராவும் விக்கேக்க கதை வேற. நிறை குறைக்கவெண்டு விக்கிற கொறக்கா சாறு, கிரீன் டீ சாறு, மஞ்சள் சாறு மூண்டுமே ஈரலைக் காயப்படுத்தின சம்பவங்கள் மருத்துவ உலகத்தில நல்லாப் பதிவாகி இருக்கு. மிளகு சேத்தா மஞ்சளில இருக்கிற குர்குமின் உடம்புக்குள்ள பல மடங்கு கூட ஏறும், அதுக்காகத்தான் கொம்பனிக்காரர் மிளகையும் போடுறது. அமெரிக்காவில இப்பிடிக் காயப்பட்டவையைப் பரிசோதிச்ச இடத்தில எச்எல்ஏ-பி 35:01 எண்ட மரபணு வகை இருக்கிறவைக்கு இந்த மூண்டும் கூடுதலா ஒத்து வாறேல்ல எண்டு கண்டிருக்கினம், எங்களில ஆருக்கு அது இருக்கெண்டு வீட்டில இருந்து சொல்ல ஏலாது. உங்களுக்குத் தெரியாம அவர் அந்தப் பவுடரை ஏற்கெனவே குடிச்சிருந்தா, மூத்திரம் கடும் பிளேன்டீ நிறத்தில போறது, கண் மஞ்சளாகிறது, உடம்பு கடிக்கிறது இதில எது வந்தாலும் அண்டைக்கே ஹொஸ்பிட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, டப்பாவையும் கையில எடுத்துக்கொண்டு.

அடுத்தது மாமி கேட்ட கேள்வி. இது பெரிய அநியாயம், ஆனா மாமியை மட்டும் குறை சொல்ல ஏலாது, டொக்டர்மாரே ஒரு காலம் அப்பிடித்தான் கேட்டவை. ஈரலில இருந்து எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழ வச்சுப் பாத்தா குடிகாரற்ற ஈரல் மாதிரியே இருக்கும், ஆள் குடிக்கேல்ல எண்டு சத்தியம் பண்ணுவார், டொக்டர் நம்பமாட்டார். 1980ல அமெரிக்காவில மேயோ கிளினிக்கில இருந்த லுட்விக் எண்ட நிபுணரும் கூட இருந்தவையும் அப்பிடியான 20 பேரின்ட கதையை எழுதி வெளியிட்ட பிறகுதான் குடிக்காதவைக்கும் இது வரும் எண்டு உலகம் ஏத்துக்கொண்டது. மாமிக்கு ராகமைக் கதையையும் சொல்லுங்கோ, அது எங்களுக்குப் பக்கத்தில நடந்தது. 2007ல களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆக்கள் ராகமைப் பகுதியில 35 இல் இருந்து 64 வயசு வரைக்கும் உள்ள கிட்டத்தட்ட 3000 பேரைப் பரிசோதிச்சவை. குடியால வராத ஃபெட்டி லிவர் 32.6 வீதமானவைக்கு இருந்தது, அதாவது மூண்டு பேரில ஒராள். 7 வருசத்துக்குப் பிறகு, முதல் தரம் ஈரல் சுத்தமா இருந்தவையைத் திரும்பிப் பாக்க அவையிலயும் கனபேருக்குப் புதுசா வந்திருந்தது. இந்தக் கணக்குப்படி பாத்தா உங்கட மாடி வீட்டு லிஃப்டில நாலு பேர் ஏறினா அனேகமா அதில ஒராளுக்காவது இருக்கும், அவருக்கே அது தெரியாமலும் இருக்கும்.

இப்ப கிரேட் 2 எண்ட சொல்லுக்கு வாறன், உங்கட அவற்ற நித்திரையைக் கெடுத்தது அதுதானே. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்ல ஈரல் எவ்வளவு வெளிச்சமாத் தெரியுது எண்டதைப் பாத்துத்தான் கிரேட் போடுறது, அது பாக்கிற ஆளின்ட கண்ணையும் மெசினையும் பொறுத்து மாறும். காலையில ஒரு இடத்தில 2 எண்டவை பின்னேரம் இன்னொரு இடத்தில 1 எண்டு சொன்னாலும் ஆச்சரியப்பட ஒண்டும் இல்லை. கொழுப்பு இருக்கெண்டு ஸ்கேன் சொல்லும், தழும்பு விழுந்திருக்கா எண்டு அது வடிவாச் சொல்லாது, நோய் முத்தினாத்தான் காட்டும். ஈரல் நோயில ஆருக்குப் பின்னுக்குக் கஷ்டம் வரும் எண்டதைத் தீர்மானிக்கிறது அந்தத் தழும்புதான், ஃபைப்ரோசிஸ் எண்டு சொல்லுவம். எத்தினையோ பேர் கிரேட் 1, கிரேட் 2 எண்டு வருசா வருசம் ஸ்கேன் எடுத்துக் காசைக் கொட்டினம், தழும்பு இருக்கா எண்டு ஒரு தரமும் பாக்கிறேல்ல, இதைக் காணேக்க எனக்கு மனம் நோகுது.

தழும்பைப் பாக்கிறதுக்கு முதல் படி உங்கட கையிலயே இருக்கு. ஃபிப்-4 எண்டு ஒரு கணக்கு. ஏஎஸ்டி, ஏஎல்டி எண்டது ரிப்போர்ட்டில உள்ள ஈரல் ரெஸ்ட் ரெண்டின்ட பெயர். வயசை ஏஎஸ்டியால பெருக்குங்கோ, அது மேல. ஏஎல்டியின்ட வர்க்கமூலத்தை பிளேட்லெட்டால பெருக்குங்கோ, அது கீழ. மேல உள்ளதைக் கீழ உள்ளதால பிரிக்கோணும். உங்கட அவருக்கே செய்து பாப்பம்: 44 தரம் 38, அது 1672. ஏஎல்டி 64, அதின்ட வர்க்கமூலம் 8, பிளேட்லெட் 240,000 எண்டு போட்டிருந்தா கணக்குக்கு 240 எண்டு எடுக்கோணும், 240 தரம் 8 எண்டா 1920. 1672 ஐ 1920 ஆல பிரிச்சா 0.87. கணக்குப் பாக்கிற மனுசன் தானே, அவரையே ஒருக்கா போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. 1.3 க்குக் கீழ வந்தா பெரிய தழும்பு இருக்கிறதுக்குச் சந்தர்ப்பம் நல்லாக் குறைவு. 2.67 க்கு மேல போனா ஈரல் நிபுணரிட்ட போகோணும், இடையில நிண்டா ஃபைப்ரோஸ்கேன் எடுக்கோணும், அது ஈரல் எவ்வளவு இறுகியிருக்கு எண்டு அளக்கிற மெசின், ஊசி ஒண்டும் இல்லை, கொழும்பிலயே செய்யலாம். அவருக்கு இப்ப அது தேவையில்லை. சீனியும் கொஞ்சம் கூட இருக்கிறபடியால இந்தக் கணக்கை ஒண்டு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா திரும்பிப் போட்டுப் பாத்தாக் காணும். ரெண்டு விசயம் கவனம். 35 வயசுக்குக் கீழ உள்ளவைக்கு இந்தக் கணக்குச் சரியா வராது, 65 தாண்டினவைக்கு 1.3 க்குப் பதிலா 2 எண்டு பாக்கோணும். மற்றது, எங்கட ஊரில பிளேட்லெட் எண்டாலே டெங்குதான் ஞாபகம் வரும், அந்தக் காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டை எடுத்து இந்தக் கணக்குப் போட்டிடாதேங்கோ, டெங்குவில பிளேட்லெட் விழும், ஏஎஸ்டி ஏறும், ஒண்டும் இல்லாதவருக்கும் பெரிய எண் வந்து வீட்டைக் கலக்கிப்போடும்.

ஹெபடைடிஸ் பி, சி ரெண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை இதுவரை செய்யேல்ல எண்டா ஒருக்கா செய்விக்கிறது நல்லது, ஏஎல்டி ஏறுறதுக்கு அதுகளும் காரணமா இருக்கலாம்.

சரி, மெலிஞ்ச ஆளுக்கு எப்பிடி வந்தது? புனேயில யாஜ்னிக் எண்ட டொக்டரும் லண்டனில யுட்கின் எண்ட டொக்டரும் 2004ல தங்கட படத்தையே பக்கத்தில பக்கத்தில போட்டு லான்செட் சஞ்சிகையில வெளியிட்டவை. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு எண்ட கணக்கு, ஒண்டுதான், 22.3. ஆனா உடம்பில உள்ள கொழுப்பை அளந்தா வெள்ளைக்காரருக்கு 9.1 வீதம், எங்கட பக்கத்து ஆளுக்கு 21.2 வீதம். உங்கட அவற்ற பிஎம்ஐ 24 சொச்சம், வெள்ளைக்காரற்ற அட்டவணையில அது நோர்மல், எங்கட ஆக்களுக்கு 23 தாண்டினாலே கவனிக்கோணும். இடுப்பு ஆம்பிளையளுக்கு 90 சென்டிமீற்றர், பொம்பிளையளுக்கு 80 தான் எல்லை, அவற்ற 37 அங்குலம் எண்டா 94. தோலுக்குக் கீழ கொழுப்பை வச்சிருக்கிற இடம் எங்கட ஆக்களுக்குக் குறைவு எண்டதுதான் இதுக்குச் சொல்லுற முக்கியமான விளக்கம். புறக்கோட்டையில கோடோன் நிறைஞ்சா சாமானைக் கடைக்குள்ள, வாசல்ல, படிக்கட்டில எண்டு அடுக்குவினமே, அதுமாதிரி மிச்சக் கொழுப்பு வயித்துக்குள்ளயும் ஈரலுக்குள்ளயும் தசைக்குள்ளயும் போய்த் தங்குது, பிறகு இன்சுலின் சொன்னதை ஈரல் கேக்காது, சீனி ஏறும். அவற்ற 112 அந்த வழியாத்தான் வந்திருக்கும் எண்டு நினைக்கிறன். எச்பிஏ1சி ஒருக்கா எடுங்கோ, அது கடைசி ரெண்டு மூண்டு மாசத்துச் சீனியின்ட சராசரியைக் காட்டுற ரத்தப் பரிசோதனை.

ஈரலில சேருற கொழுப்பு எங்க இருந்து வருது எண்டதை அமெரிக்காவில மினசோட்டாவில வடிவா அளந்து 2005ல வெளியிட்டவை. 9 நோயாளிகளுக்கு அடையாளம் போட்ட கொழுப்பையும் மற்றதுகளையும் நாலு நாள் குடுத்து, பிறகு ஈரலில இருந்து சின்னத் துண்டு எடுத்துப் பாத்தினம். 59 வீதம் உடம்பில ஏற்கெனவே இருந்த கொழுப்பு கரைஞ்சு ரத்தத்தால வந்தது, 26 வீதம் ஈரல் தானே புதுசா உண்டாக்கினது, நேராச் சாப்பாட்டுக் கொழுப்பில இருந்து வந்தது 15 வீதம் மட்டும். இதை நான் ஏன் இவ்வளவு விளக்கமா எழுதுறன் எண்டா, ஃபெட்டி லிவர் எண்டு கேட்ட உடன சனம் தேங்காய்ப்பாலையும் முட்டை மஞ்சள்கருவையும் நிப்பாட்டிப்போட்டு டீக்குச் சீனியை அப்பிடியே போட்டுக் குடிக்கினம். ஈரல் தானே உண்டாக்கிற அந்தக் கொழுப்புக்குச் சீனியும் மாச்சத்தும்தான் மூலப்பொருள். சீனியில பாதி ஃபிரக்டோஸ், அதைப் பெரும்பாலும் கையாளுறது ஈரல். சூரிச்ல சுகதேகியான இளம் ஆம்பிளையள் 94 பேரை வச்சுச் செய்த ஆராய்ச்சி 2021ல வந்தது, ஒரு நாளைக்கு 80 கிராம் சீனியோ ஃபிரக்டோஸோ சேத்த பானம் 7 கிழமை குடிச்சவைக்கு ஈரல் கொழுப்பு உண்டாக்கிற வேகம் ரெண்டு மடங்காகினது, அதுவும் நிறை கூடாமலே.

இப்ப அவற்ற ஆறு டீயை எண்ணுவம். ஒரு டீக்கு ரெண்டு தேக்கரண்டி எண்டா 8 கிராம், ஆறு டீக்கு 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுக்கக் கூடினபட்சம் 50 கிராம் அளவு எண்டு சொல்லுது, 25 க்குள்ள நிண்டா இன்னும் நல்லம் எண்டும் சொல்லுது. வீட்டில சாப்பிடுறதைக் கணக்கில எடுக்க முதலே கடை டீயால மட்டும் எல்லைக்குக் கிட்ட வந்திட்டுது. செட்டியார் தெருவில ஆக்கள் வர வர டீ எடுப்பிக்கிறது பழக்கம், அதை நிப்பாட்டச் சொன்னா மனுசன் கேக்கமாட்டார், ஆனபடியால டீ குடிக்கட்டும், டீ கொண்டு வாற பெடியனிட்ட சீனி போடாம எண்டு சொல்லி வைக்கட்டும், முதல் ரெண்டு கிழமை நாக்குக்கு ஒரு மாதிரி இருக்கும், பிறகு பழகியிடும். கோப்பி குடிக்கிறவைக்கு ஈரல் தழும்பு குறைவா இருக்கிறதாவும் பல ஆராய்ச்சியளில கண்டிருக்கினம், விருப்பம் எண்டா ரெண்டு டீயைச் சீனி இல்லாத கோப்பியா மாத்தலாம்.

சோறை விட வேண்டாம். அளவுதான் விசயம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைத் திறந்து பாத்தா முக்கால்வாசி சோறு, மூலையில ஒரு கரண்டி பருப்பு, கொஞ்சம் மரக்கறி, ஒரு மீன் துண்டு, இதில சோறைப் பாதியாக்கி மற்றதுகளைக் கூட்டினாக் காணும், ஏலுமெண்டா வீட்டில இருந்தே கட்டிக் குடுங்கோ. ராவில பத்துப் பன்ரண்டு இடியப்பம் எண்டா அதை அஞ்சாக்கி, கூட ஒரு முட்டையோ கடலையோ, கீரையோ வையுங்கோ. பின்னேரம் பஸ்ஸுக்கு முதல் ரோல்ஸ், பற்றிஸ் எண்டு வாங்கிற பழக்கம் இருந்தா அதுதான் முதல் போகோணும்.

நிறைக்கு வாறன், மருந்து எண்டு நான் சொன்னா இதுதான் மருந்து. கியூபாவில 293 பேரை ஒரு வருசம் சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் மாத்த வச்சு, முதலும் கடைசியும் ஈரல் சதை எடுத்துப் பாத்து 2015ல எழுதினவை, 10 வீதமும் அதுக்கு மேலயும் நிறை குறைச்சவையில 90 வீதமானவைக்கு ஈரல் அழற்சி இல்லாமப் போனது, 45 வீதமானவைக்குத் தழும்பே குறைஞ்சது. தழும்பு குறையிறது எண்டது சின்ன விசயம் இல்லை தங்கச்சி. அதோட உங்கட அவரை மாதிரி பிஎம்ஐ 25 க்குக் கீழ உள்ளவைக்கு இவ்வளவும் கூடத் தேவையில்லை, ஹொங்கொங்ல பாத்த இடத்தில 3 இல் இருந்து 5 வீதம் குறைஞ்சாலே பாதிப் பேருக்கு ஈரல் கொழுப்பு நோர்மலுக்கு வந்திட்டுது. 68 கிலோவில அது ரெண்டு கிலோவில இருந்து மூண்டரைக் கிலோ வரைக்கும். ஆறு மாசத்தில ஆறுதலாக் குறைச்சாக் காணும், பட்டினி கிடக்க வேண்டாம். நிறை குறையாட்டிலும் உடற்பயிற்சியால ஈரல் கொழுப்புக் குறையும், கிழமைக்கு 150 நிமிசம் வேகநடை, மரைன் டிரைவ் உங்களுக்குப் பக்கத்தில தானே, ரெண்டு பேருமா விடிய வெளிக்கிடுங்கோ. கிழமைக்கு ரெண்டு நாள் பாரம் தூக்கிறது, தண்டால் மாதிரி ஏதாவது சேத்தா தசை கரையாது.

கொலஸ்ட்ரோல் குளிசையை அவர் நிப்பாட்டினதுதான் எனக்குப் பெரிய கவலை. ஃபெட்டி லிவர் உள்ளவையைக் கொண்டு போறது கூடுதலா ஈரல் இல்லை, இருதயம். ஈரலைக் காப்பாத்துறன் எண்டு இருதயத்துக்கு இருந்த காவலை எடுத்திட்டார். கிரேக்க நாட்டில இருதய நோயாளிகளை வச்சுச் செய்த ஆராய்ச்சியில ஈரல் ரெஸ்ட் கொஞ்சம் ஏறியிருந்த ஆக்களுக்கு ஸ்டாட்டின் எண்ட கொலஸ்ட்ரோல் குளிசை குடுத்தபோது 10 வீதமானவைக்குத்தான் மாரடைப்பு, ஸ்ட்ரோக் மாதிரி வந்தது, குடுக்காதவையில 30 வீதம், ஈரல் ரெஸ்ட்டும் ஸ்டாட்டின் எடுத்தவைக்குத்தான் நல்லா வந்தது. அது 2010ல லான்செட்டில வந்தது. அவற்ற ஏஎல்டி 64 எண்டது ஸ்டாட்டினை நிப்பாட்டுற அளவு இல்லை. குளிசை எழுதின டொக்டரிட்ட இந்தக் கிழமையே இந்த ரிப்போர்ட்டோட போய்க் காட்டித் திரும்பத் தொடங்கச் சொல்லுங்கோ.

புது மருந்து உண்மைதான். 2024 மார்ச்சில ரெஸ்மெடிரோம் எண்ட குளிசைக்கும், 2025 ஓகஸ்ட்டில செமாக்ளுடைட் ஊசிக்கும் அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ நிறுவனம் அனுமதி குடுத்தது, நடுத்தரத்தில இருந்து கூடின தழும்பு இருக்கிறவைக்கு. ரெஸ்மெடிரோம் ஆராய்ச்சியில 966 பேர், அழற்சி மாறினது மருந்து எடுத்தவையில 26 இல் இருந்து 30 வீதம், வெறும் குளிசை எடுத்தவையில 10 வீதம். செமாக்ளுடைட்டில 63 வீதம், மற்றப் பக்கம் 34. நல்ல முன்னேற்றம், பல வருசமா ஒரு மருந்தும் இல்லாத இடத்தில இது வந்தது எனக்கு உண்மையாவே சந்தோசம். ஆனா 0.87 வந்த ஆளுக்கு இது ரெண்டும் இப்ப தேவையில்லை. ஃபேஸ்புக்கில ஊசி மலிவா இருக்கு எண்டு ஆராவது சொன்னாலும் வாங்கிப் போடாதேங்கோ, 2024 ஜூனில உலக சுகாதார நிறுவனமே போலி ஒசெம்பிக் (செமாக்ளுடைட் ஊசியின்ட ஒரு வியாபாரப் பெயர்) சுத்துது எண்டு எச்சரிக்கை விட்டது.

மகளைப் பற்றிக் கேட்டீங்கள். பரம்பரைப் பங்கு இருக்கு, 2008ல அமெரிக்காவில டலஸ்ல கண்டுபிடிச்ச பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம்தான் இதில பெரிய ஆள், ஆனா அதுக்கு ரெஸ்ட் எடுக்கிறதால பிள்ளையின்ட வைத்தியம் மாறாது, காசைச் செலவழிக்க வேண்டாம். தேப்பனுக்கு இருக்கிறபடியாலயும் பிள்ளை நிறை கூட எண்டபடியாலயும் ஒரு ஏஎல்டியும் வெறும் வயித்துச் சீனியும் பிள்ளை வைத்தியர் ஒருத்தர் மூலமா எடுங்கோ, ஸ்கேனுக்கு இப்ப ஓட வேண்டாம். அவளுக்கெண்டு தனிச் சாப்பாடு சமைச்சு வைக்காதேங்கோ, குண்டு எண்ட சொல்லை வீட்டில ஒருத்தரும், முக்கியமா மாமி, பாவிக்க வேண்டாம். பிரிட்ஜில பெரிய சோடாப் போத்தல் இருந்தா அதை வாங்கிறதை நிப்பாட்டுங்கோ, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணிப் போத்தல் குடுத்து விடுங்கோ. ஏஎல்டி பிள்ளைக்கு ஏறி இருந்தா ரிப்போர்ட்டோட திரும்ப எழுதுங்கோ, அவற்ற எச்பிஏ1சியையும் அதிலயே சேத்து அனுப்புங்கோ.